கிளிக்காரன் படத்தின் முடிவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாக யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மூன்று முறை நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். பிழை வந்துவிடுமே என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், படிக்கிறவர்கள் என் வீட்டுக்காரரைப் பொய்க்காரர் என்று நினைத்துவிடக் கூடாதே என்பது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. எழுந்து வந்து பதில் சொல்ல அவரால் முடியாது. அதனால் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

எங்கள் வீடு மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே, கொல்லையிலேயே, அதாவது எங்கள் நிலத்திலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்காது. காடு அதிக தூரமில்லை. பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். ஒரு தடவை கிணற்று மேட்டில் வந்து நின்றதை நான் தனியாக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரமானால் எனக்குக் கை கால் ஓடாது. தக்காளிதான் எங்களுக்குப் பிழைப்பு.

எனக்குச் சின்ன வயதிலிருந்து சினிமா என்றால் உயிர். அதுவும் சண்டைப் படம். அழுகைப் படத்துக்குப் போகிற பெண்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கல்யாணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்த படங்களெல்லாம் துப்பாக்கிப் படங்கள்தான். பிறகு எங்கள் மகளுக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து, வலிப்பும் வந்து, தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்பது நாள் கண்ணைத் திறக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய வேண்டுதல் என்றால், நமக்கு ரொம்பப் பிடித்ததை ஆயுசுக்கும் விட்டுவிடுவதாக அம்மனிடம் சொல்வார்கள். சிலர் வெல்லத்தை விடுவார்கள், சிலர் மாம்பழத்தை விடுவார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "ஆத்தா, என் புள்ளை கண்ணைத் தொறந்தா இனிமே சினிமா பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, விடறதுக்கு உனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலயா? கத்திரிக்காயை விட்டிருந்தா நம்ம ரெண்டு பேருக்குமே நல்லாயிருந்திருக்கும்."

"சாமி விஷயத்துல வெளையாடாதீங்க."

"சரி சரி. நீ தானே விட்டே, நான் விடலயே. நான் பாத்துட்டு வந்து சொல்றேன். கேக்கறது ஒண்ணும் குத்தமில்லையே?"

கேட்பது குற்றமில்லை என்று எனக்கும் தோன்றியது. அப்படித்தான் ஆரம்பித்தது.

மண்டிக்கு லோடு போகிற நாளில் அவர் விடியற்காலையிலேயே டெம்போவில் பாலக்கோட்டுக்குப் போவார். ஏலம் முடிய மதியம் ஆகிவிடும். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போவார். அங்கே அப்போது பழைய படங்களைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் இறங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாக வீட்டுக்குள் நுழைவார். மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் தரையில் சாக்கை விரித்து, பழத்தைக் கொட்டி, நல்லது வெடித்தது என்று பிரிப்போம். அப்போதுதான் கதை.

கதையைச் சும்மா சொல்ல மாட்டார். நல்ல கெட்டிக்காயாக ஒன்றை எடுத்து, "இவன்தான் ஹீரோ" என்று வைப்பார். வெடித்துப்போன பெரிய பழம் வில்லன். பொடிப் பழமெல்லாம் அடியாட்கள்.

"ஒரு ரூமு. ரூமு பூரா செவப்பு லைட்டு, பச்சை லைட்டு, நம்ம பண்டிகைக்குக் கட்டற சீரியல் செட்டு மாதிரி. வில்லன் பட்டனை அமுக்கறான். தரை தொறக்குது. கீழ பெரிய தொட்டி. தொட்டியில மொதலை."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறம் எங்க பாத்தேன்? அந்தத் தொட்டியை ரொப்ப எத்தினி ஹெச்பி மோட்டார் போட்டிருப்பான்னு யோசிச்சுனு இருந்தேன். இங்க ஒரு மடை பாய மூணு நாளா கரண்டு இல்ல. அங்க மொதலை நீச்சலடிக்குது!"

"மொதலை என்னங்க பண்ணுச்சு?"

"அது பாவம், பிளாஸ்டிக்கு. தொறந்த வாயி தொறந்தபடியே இருக்குது. மூடறதுக்குச் சொல்லிக் குடுக்கல போல."

சண்டை வந்தால் பொடிப் பழங்களைச் சுற்றிலும் அடுக்குவார். "பன்னெண்டு பேரு நிக்கறானுங்க புள்ள. ஆனா ஒருத்தன் அடி வாங்கி முடிக்கற வரைக்கும் அடுத்தவன் காத்துனு நிக்கறான். ரேஷன் கடையில கூட நம்ம ஜனம் இப்படி ஒழுங்கா நின்னு நான் பாக்கல." கடைசியில் வில்லன் பழத்தைச் சுவரில் அடிப்பார். சுவரெல்லாம் சாறு வழியும். நான் திட்டிக்கொண்டே துடைப்பேன். செத்துப்போன அடியாட்களை எல்லாம் பொறுக்கி எடுத்து அன்றைக்குச் சட்னி அரைப்பேன்.

குண்டு வைத்த படம் ஒன்று சொன்னார். கடிகாரம் ஓடுகிறது. சிவப்பு வயரை வெட்டுவதா, நீல வயரை வெட்டுவதா என்று ஹீரோவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. நான் கையில் இருந்த பழத்தைப் பிரிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எதைங்க வெட்டுனான்?"

அவர் ஒரு பழத்தை வேட்டியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "எதையும் வெட்டல. அந்த நேரம் பாத்து கரண்டு போயிடுச்சு. குண்டு வெடிக்கவே இல்ல."

நான் நம்பினேன். கரண்டு போவது எங்களுக்குத் தெரியாத விஷயமா?

கொலை மர்மப் படங்களில் கொலைகாரன் யார் என்று கேட்டால், எல்லாப் படத்திலும் அது வக்கீலாகத்தான் இருக்கும். "கறுப்புக் கோட்டு போட்டவன் வந்தானே, நான் அப்பவே நெனைச்சேன்" என்பார். எங்கள் வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போய் ஒன்றுக்கும் உதவாமல் போனதில் அவருக்கு வக்கீல் என்றாலே ஆகாது. ஆனால் சினிமா எடுக்கிறவர்களுக்கும் ஏன் ஆகவில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

எல்லாப் படத்துக்கும் முடிவு மட்டும் ஒன்றுபோல இருக்கும். குண்டிலிருந்து தப்பினாலும் சரி, மலையிலிருந்து குதித்தாலும் சரி, ஹீரோ விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் பெண்டாட்டி கதவைத் திறப்பாள். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவான். அதோடு படம் முடியும்.

பழம் பறிக்க வருகிற பெண்களுக்கு இந்தக் கதைகளை நான் அப்படியே சொல்வேன். ஒரு தடவை ஒருத்தி, "அக்கா, அந்தக் குண்டு படத்துல ஹீரோ நீல வயரைத்தான் வெட்டுவாரு. நான் டிவியில பாத்தேன்" என்றாள்.

"டிவியில அவனுங்க வெட்டிக் கிட்டிப் போடுவானுங்க. எங்க வூட்டுக்காரரு தியேட்டர்லயே பாத்துட்டு வந்தாரு" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் மோட்டார் போட்டுவிட்டு வந்தவர், நெஞ்சு பிடித்திருக்கிறது என்று கட்டிலில் படுத்தார். சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். காரியம் முடிந்ததும் கூடவே வந்துவிடச் சொன்னாள். கொல்லையை விட்டுவிட்டு எங்கே போவது என்று நான் இருந்துவிட்டேன். ஒரு பெரிய டிவி வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். அதில் காலையில் பக்திப் பாட்டு மட்டும் கேட்பேன். டிவியில் வந்தாலும் சினிமா சினிமாதானே.

அவர் போன பிறகு என்னிடம் மிஞ்சியது அந்தக் கதைகள்தான். போட்டோகூட ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் ரேஷன் கார்டுக்கு எடுத்தது, முறைத்துக்கொண்டு இருப்பார். அதனால் பழம் பிரிக்கும்போது எதிரில் ஒரு சாக்கை விரித்து வைத்துக்கொண்டு, மனதுக்குள் அவர் குரலில் ஒவ்வொரு படமாக ஓட்டுவேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கிளிக்காரன் படம்.

அந்த வில்லன் ஒரு கிளி வளர்க்கிறான். "ஆளைக் கொல்லச் சொல்லி இந்தக் கையால ஜாடை காட்டறான். அந்தக் கையால கிளிக்குக் கொய்யாப்பழம் நறுக்கி ஊட்டறான். எனக்கு எங்கம்மாகூட அப்படி ஊட்டினதில்ல" என்பார். ஹீரோ ரகசிய போலீஸ். லாரி டிரைவர் வேஷத்தில் வில்லனிடம் வேலைக்குச் சேர்கிறான். வீட்டில் பெண்டாட்டி காத்திருக்கிறாள். கடைசியில் ஹீரோவைக் கட்டிப்போட்டுவிட்டு வில்லன் ஒளிந்துகொள்கிறான். போலீஸ் வருகிறது. கிளி அவன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. வில்லன் கிளியைப் பார்த்து, "உனக்கு எத்தினி கொய்யாப்பழம் குடுத்தேன்" என்று அழுகிறான். ஹீரோ விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். அந்த வில்லன் அழுவதை இவர் அழுது காட்டுவார் பாருங்கள், எனக்கு வயிறு வலிக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை வாங்கத் தருமபுரிக்குப் போனேன். திரும்பி வர ஏறிய பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் டிவி மாட்டியிருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு வருவது வழக்கம். அன்றும் அப்படித்தான் மூடினேன். கொஞ்ச நேரத்தில் கிளி கத்தியது. பிறகு ஒருவன் சிரித்தான். "சாப்பிடு கண்ணு" என்றான்.

கிளிக்காரன் படம்! அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் காதை மூட மனசு வரவில்லை. கேட்பது குற்றமில்லையே. லாரி போனது, அடி விழுந்தது, அவர் சொன்ன மாதிரியே ஒவ்வொன்றாக வந்தது. எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். பாலக்கோடு நெருங்கும்போது சத்தம் அதிகமானது. ஒரே துப்பாக்கிச் சத்தம். கிளி பேசுவதைக் காணோம். பொறுக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணைத் தொட்டேன்.

"பாப்பா, கிளி போலீசுகிட்ட சொல்லிடுச்சா?"

"எந்தக் கிளி பாட்டி?"

"அதான், அவன் வளக்கற கிளி."

"அது அப்பவே செத்துப்போச்சே. மொத குண்டே அதும்மேலதான் பட்டுச்சு. ஏன் பாட்டி, கண்ணு வலியா? மூடினே வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அந்தப் புள்ளை... ஹீரோ... வூட்டுக்குப் போயிட்டானா?"

"எந்த வூட்டுக்கு? சுட்டுட்டாங்க பாட்டி. செத்துட்டாரு."

கண்ணைத் திறந்துவிட்டேன். இத்தனை வருட வேண்டுதலை மறந்து திறந்துவிட்டேன். அந்தச் சின்ன டிவியில் ஒருவன் படிக்கட்டில் ரத்தத்தோடு கிடந்தான். பிறகு ஒரு வீட்டைக் காட்டினார்கள். ஒரு பெண் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் நிற்பதோடு படம் முடிந்துவிட்டது.

"பழைய படம் பாட்டி. சும்மா நடிப்பு. அழாதீங்க" என்று அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நல்ல பிள்ளை. அவளிடம் நான் எதைச் சொல்வது?

அன்று வீட்டுக்கு வந்து நான் விளக்கு வைக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தீட்டு நாள் தவிர அப்படி இருந்ததில்லை. வாக்கை மீறிய கண்ணோடு அம்மன் முன்னால் எப்படி நிற்பது என்று ஒன்று. இன்னொன்று, கோபம். என்னிடம் ஏன் பொய் சொன்னார்? இது பொய்யென்றால் மற்றப் படமெல்லாம்? கரண்டு போனதும் பொய்தானா? நான் தியேட்டருக்கு வர மாட்டேன் என்ற தைரியத்தில் என்னை ஒன்றும் தெரியாதவளாக்கி விளையாடினாரா? பழம் பறிக்க வந்தவளின் வாயை வேறு அடைத்தேனே. நாலைந்து நாள் பழம் பிரித்தேன். எதிர்ச் சாக்கில் யாரும் வந்து உட்காரவில்லை. அவர் குரலை மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. அவர் செத்த அன்றுகூட நான் அவ்வளவு தனியாக இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலுக்குப் போனேன். தேங்காய் உடைத்து, "ஆத்தா, தெரியாம தொறந்துட்டேன், புள்ளையை ஒண்ணும் பண்ணிடாதே" என்று சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அங்கே ஒரு பெரியவர் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். என் வீட்டுக்காரருக்கு நன்றாகப் பழக்கம்.

"என்னாம்மா, அவரை நெனைச்சுக்கினியா?"

"அண்ணா, எங்க வூட்டுக்காரரு எங்கிட்ட பொய் சொல்லியிருக்காரு" என்று ஆரம்பித்து, வேண்டுதல், பஸ், கிளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்த பெரியவர் திடீரென்று சிரித்தார்.

"ஏம்மா, அவரு என்னைக்குக் கிளைமாக்ஸ் பாத்தாரு?"

"என்னண்ணா சொல்றீங்க?"

"மேட்னி முடிய அஞ்சேகால் ஆவும். எங்க வண்டி நாலே முக்காலு. அதை வுட்டா அடுத்த வண்டி எட்டு மணிக்குத்தான். படம் நல்லா சூடு புடிக்கற நேரத்துல எழுந்து ஓடியாருவாரு. செருப்பைக் கையில புடிச்சினு ஓடியாந்ததையெல்லாம் நான் பாத்திருக்கேன்."

படம் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிறாரா, அது போதும் என்றுதான் இருந்தேன்.

"ஏறின ஒடனே நான் கேப்பேன், 'என்னய்யா, இன்னைக்கும் பாதியா?'ன்னு. 'ஆமாய்யா, குண்டு வெடிக்கறதுக்குள்ள வந்துட்டேன், இப்ப என்ன பண்றது, அவ கேப்பாளே'ம்பாரு. அப்புறம் வண்டியில இருக்கறவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு முடிவு சொல்லுவோம். பூக்காரம்மா ஒண்ணு சொல்லும், டிரைவர் ஒண்ணு சொல்லுவாரு. கரண்டு போச்சுன்னு சொல்லுங்கன்னு சொன்னது நான்தான்." அதில் அவருக்கு இன்னமும் பெருமை இருந்தது. "வக்கீலை மட்டும் அவரே போட்டுக்குவாரு."

"அந்தக் கிளி?"

"அது பூக்காரம்மா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. பிறகு அவர் சொன்னதுதான் நான் இதை எழுதுவதற்குக் காரணம்.

"ஒரு நா நானே சொன்னேம்மா. 'ஒரே ஒரு தடவை எட்டு மணி வண்டியில வாய்யா, முழுசாப் பாரு'ன்னு. கேக்கல. 'யானை எறங்கற நேரம்யா, அவ தனியா ஜன்னலைப் பாத்துனு இருப்பா'ன்னாரு. நாங்க என்ன முடிவு சொன்னாலும் ஒத்துக்குவாரு. ஆனா கடைசியில ஆளு வெளக்கு வெக்கறதுக்குள்ள வூடு வந்து சேரணும். அதை மட்டும் மாத்த வுட மாட்டாரு."

எழுந்திருக்கும்போது, "கண்ணைத் தொறந்தது பெரிய குத்தமாண்ணா?" என்று கேட்டேன்.

"நான் டிக்கெட்டு கிழிச்சா அது பஸ்ஸு, தியேட்டர்காரன் கிழிச்சாத்தான் சினிமா. ஆத்தாளுக்கு அது தெரியும். போ, பொழுதோட வூடு போய்ச் சேரு" என்றார்.

அன்று விளக்கு வைத்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரணம் தெரிந்ததால் மனசு ஆறிவிட்டது என்று சொன்னால் அதுதான் பொய். முன்பு அவர் இல்லையே என்று மட்டும் இருந்தது. இப்போது, இத்தனை படத்துக்கு முடிவு பார்க்காமல் ஓடி வந்த மனுஷனிடம் ஒருநாள்கூட, "பரவால்ல, இன்னைக்கு முழுசாப் பாத்துட்டு வாங்க, நான் தைரியமா இருப்பேன்" என்று சொல்லாமல் விட்டேனே என்பதும் சேர்ந்துகொண்டது. விளக்கை ஏற்றிவிட்டு வாசலைப் பார்ப்பேன். ரோட்டிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை. அந்தப் படத்தில் கடைசியில் நின்ற பெண் மாதிரி நானும் நிற்கிறேன்.

ஆனாலும் பழம் பிரிக்கும்போது அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. எதிர்ச் சாக்கு காலியாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மனதுக்குள் இல்லை, வாய்விட்டே சொல்கிறேன். வில்லன் பழத்தைச் சுவரில் அடித்துவிட்டு நானே துடைக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாரிடமாவது இதைச் சொல்வதாக இருந்தால், தயவுசெய்து எதையும் திருத்தாதீர்கள். அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். உண்மையான முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். கிளி பேசியது. வில்லன் அழுதான். அந்தப் பிள்ளை பொழுதோடு வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தான்.